விலங்குக் கட்டுரைக்குச் சான்றாவன யாவை?

(மதுரை, கே.கே. நகரில் நம் சங்கத்து மாணவர் நூலகக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் மாணவர் நூலகத்திற்கு இவ்வாண்டு எவ்வெந்நூல்களை வாங்குவது என்று ஆராய்தற்பொருட்டுக் கூடிய இவ்வவையிலே சில சொற் கூறுமாறு செயலாளர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். தமிழாசிரியன் ஆதலின் யான் காப்பியங்களையும் இலக்கணங்களையும் வாங்குமாறு வேண்டுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யானோ விலங்கு, பறவை, பாம்பு ஆகியவற்றைப் பற்றிய நூல்களை வாங்குமாறு வேண்டவே வந்துள்ளேன். இதற்குக் காரணம் என்பால் நிகழ்ந்த பிழை ஒன்று. அதனை முதற்கண் இவ்வவையில் ஒப்புக்கொண்டு, பின்னர் மேற்செல்கின்றேன்.

மூன்றாண்டுகட்கு முன் எட்டாம் வகுப்பு மாணாக்கர்க்கு, தாம் விரும்பும் ஓர் உயிரினத்தைப் பற்றி நூலகத்திற் படித்துக் கட்டுரை எழுதிவருமாறு பணித்தேன். மாணவன் ஒருவன் வெள்ளிக்கோல் வரையன் என்னும் பாம்பைப் பற்றி எழுதி வந்தான். எழுத்து முத்துக் கோத்தாற்போன்றிருந்தது. சந்திப்பிழை ஒன்றேனும் இல்லை. இப்பாம்பு நஞ்சற்றது, இரவில் வீட்டுச் சுவரில் ஏறிப் பல்லியைப் பிடித்துண்ணும், கண்டோர் அஞ்ச வேண்டுவதில்லை என்பன அக்கட்டுரையின் சாரம். தலைப்பின்கீழ், கரிய உடலிலே வெண்கோடுகள் பொருந்திய பாம்பொன்றின் வண்ணப்படத்தை ஒட்டியிருந்தான். யான் பத்துக்குப் பத்து மதிப்பெண் வழங்கி, பிறரும் கண்டு பயனுறுமாறு அதனை வகுப்பறைச் சுவரில் தொங்கவிட்டேன்.

மறுநாள், மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து பயிலும் மாணவி ஒருத்தி அப்படத்தின் முன் நெடுநேரம் நின்றாள். பின்னர் என்பால் வந்து, "ஐயா, இது வெள்ளிக்கோல் வரையன் இல்லை, கட்டுவிரியன். எங்க அப்பத்தாவைக் கடிச்சது இதுதான்" என்றாள். அவள்தன் பாட்டியார் வெறுந்தரையிற் பாய் விரித்து உறங்கியவர். நள்ளிரவில் ஏதோ கடித்தாற்போன்றிருக்கவே, எறும்பென்று எண்ணிப் புரண்டு படுத்தவர் விடியுமுன் மூச்சடங்கினார். கட்டுவிரியன் கடித்தவிடத்துப் பெரும்பாலும் வீக்கமும் வலியும் மிகுவதில்லை. பல்லின் தடமும் எளிதிற் புலப்படாது. நஞ்சோ நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்திவிடும். இவற்றையெல்லாம் அன்று மாலை நூல்களைப் புரட்டிய பின்னரே யான் அறிந்தேன்.

கட்டுரையின் சொற்கள் மெய், படமே பொய். அம்மாணவன் செய்தியை ஓரிடத்தும் படத்தை வேறோரிடத்தும் எடுத்திருந்தான். இரண்டையும் ஒப்பிட்டு நோக்கும் கடமை எனக்கிருந்தது. யானோ சந்திப்பிழையை மட்டும் நோக்கினேன். 'அஞ்ச வேண்டுவதில்லை' என்னும் எழுத்தின் மேலே கட்டுவிரியன் படத்தைத் தொங்கவிட்டு, நாற்பது பிள்ளைகளுக்கு அதனைப் பாடமாக்கினேன். நம் நாட்டில் 2000 முதல் 2019 வரையிலான இருபதாண்டுகளிற் பாம்புக்கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் ஆவர். இவர்களுட் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். ஆதலின் பிள்ளைகளின் விலங்குக் கட்டுரை விளையாட்டன்று என்பதை உணர்ந்தேன்.

அவ்விரு பாம்புகளின் வேறுபாட்டை ஈண்டுக் கூறுதல் தகும். வெள்ளிக்கோல் வரையனுக்குப் பட்டைகள் கழுத்திலிருந்தே தொடங்கி, வால் நோக்கிச் செல்லச் செல்ல மங்கும். கட்டுவிரியனுக்கு அவை தலையினின்றும் சற்றுத் தள்ளித் தொடங்கி, வால் நோக்கித் தெளிவுறும். முதுகின் நடுவரிசைச் செதில்களும் ஏனையவற்றினும் பெரியன. ஆயினும் இவ்வேறுபாடு படத்தில் நோக்கி அறிதற்குரியதேயன்றி, பாம்பின் அருகிற் சென்று அறிதற்குரியதன்று. ஐயம் நேர்ந்தவிடத்து விலகி நிற்பதும், கடி நேர்ந்தவிடத்துக் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரைவதுமே அறிவுடைமை.

அற்றேல், பிள்ளைகள் எந்நூலை நம்புவது? எதனைக் கொண்டு ஒரு நூலைச் சான்றென்று துணிவது? இவ்வினாவிற்கு யான் கண்டறிந்த விடைகளை முறையாகக் கூறுகின்றேன்.

முதலாவது, பெயர். நம் பிள்ளைகளின் கட்டுரைகளிற் சிறுத்தையைப் பற்றிப் படித்துப் பாருங்கள். உலகில் மிக விரைந்தோடும் விலங்கு சிறுத்தை என்று முதற்பத்தி கூறும்; வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிற் சிறுத்தை திரிகிறது என்று அடுத்த பத்தி கூறும். இரண்டும் உண்மையே, ஆயின் அவை இருவேறு விலங்குகள். தேயிலைத் தோட்டத்திற் பதுங்குவது சிறுத்தை, விரைந்தோடுவது சிவிங்கிப்புலி. மொழிபெயர்ப்போர் சிலர் இரண்டனுக்கும் சிறுத்தை என்றே எழுதிவிட, பிள்ளைகள் இரண்டனையும் ஓருடலாகப் பிணைத்துவிடுகின்றனர். எறும்புத்தின்னியின் நிலையும் இஃதே. நம் காடுகளில் உள்ளது உடலெங்கும் செதில் போர்த்த அழுங்கு. தென்னமெரிக்காவில் உள்ளது மயிரடர்ந்த வேறு விலங்கு. ஒரு பெயர் இரண்டனுக்கும் வழங்குவதால், அழுங்கைப் பற்றிய கட்டுரையில் அயல்நாட்டு விலங்கின் படம் வந்து அமர்ந்துகொள்கிறது.

இக்குழப்பத்தைத் தீர்ப்பது அறிவியற்பெயர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1758-இல் வெளியிட்ட பதிப்பைத் தொடக்கமாகக் கொண்டு, ஒவ்வோர் உயிரினத்திற்கும் இருசொற்பெயர் உலகெங்கும் வழங்குகின்றது. சிறுத்தை பாந்தெரா பார்டசு எனவும், சிவிங்கிப்புலி அசினோனிக்சு சுபேட்டசு எனவும் பெயர்பெறும். ஊர்ப்பெயர் மாறும், மொழிப்பெயர் மாறும், இப்பெயரைக் கொண்டு தேடுவோர் எந்நாட்டு நூலிலும் அவ்விலங்கையே காண்பர். ஆதலின் அறிவியற்பெயர் இல்லாத நூலைப் பிள்ளைகள் தனிச் சான்றாகக் கொள்ளலாகாது. நம் ஊர்ப்பெயர்களை விட்டுவிடுங்கள் என்று யான் கூறவில்லை. இரண்டனையும் அருகருகே எழுதுங்கள் என்றே கூறுகின்றேன்.

இரண்டாவது, ஆண்டு. நம் நாட்டிற் சிவிங்கிப்புலி உண்டோ என்று வினவினால், மிகப் பழைய நூல் உண்டு என்னும். அவ்விலங்கு அற்றுப்போயிற்று என்று 1952-இல் அறிவிக்கப்பட்டமையின், அதன் பின் எழுந்த நூல் இல்லை என்னும். 2022 செப்டம்பர் 17-ஆம் நாள் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் கொணரப்பெற்று மத்தியப்பிரதேசத்துக் குனோவில் விடப்பட்டமையின், இற்றைநாள் நூல் மீண்டும் உண்டு என்னும். மூன்று நூலாசிரியரும் பொய் கூறியவரல்லர். தத்தம் காலத்து உண்மையைக் கூறினர். பாறு என்னும் பிணந்தின்னிப் பறவையும் அத்தகையதே. பழைய நூல்கள் அதனை எங்கும் காணப்படும் பறவை என்னும். கால்நடைகட்குத் தந்த டைக்ளோபினாக் என்னும் மருந்து இறந்த மாட்டின் உடலில் எஞ்சி நிற்க, அதனை உண்ட பாறுகள் 1990-களிற் கூட்டங் கூட்டமாக மடிந்தன. 2006-இல் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து தடைசெய்யப்பெற்றது. ஆதலின் நூலின் பெயரைக் குறிக்கும் பிள்ளை, அது வெளிவந்த ஆண்டையும் உடன்குறித்தல் வேண்டும்.

மூன்றாவது, சான்றுகளை ஒப்பிடல். இது தமிழ் கற்றோர்க்குப் புதிதன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவகசிந்தாமணியை 1887-இற் பதிப்பித்த காலத்து, ஏட்டுச்சுவடிகள் பலவற்றைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பு நோக்கியே பாடத்தைத் துணிந்தார்கள். ஒரே மூல ஏட்டைப் பார்த்தெழுதிய பத்துச் சுவடிகள் ஒரே பிழையைக் கொண்டிருப்பின், அவை பத்துச் சான்றாகா, ஒரு சான்றேயாம். இக்காலத்துப் பிள்ளைகள் கைப்பேசியிற் பத்துப் பக்கங்களைக் காட்டி, "ஐயா, பத்திலும் இப்படித்தான் இருக்கிறது" என்கின்றனர். பத்தும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையாயின் யாது பயன்? எழுதியவர் யார், அவர் தாமே கண்டாரா, கண்டவர் நூலைப் பார்த்து எழுதினாரா, படம் எவ்விடத்து எடுக்கப்பட்டது என்று வினவ வேண்டும். இவ்வினாக்கட்கு விடை தராத பக்கம் மூலமறியா ஏடு போன்றது. கடைகளில் விற்கும் படத்தாள்களும், இற்றைநாட் கணினி தானே புனைந்து தரும் படங்களும் இவ்வகையினவே. அழகிற் குறைவிரா, சான்றாதலிற் குறைவுண்டு.

நான்காவதாக ஒன்று கூறுவேன்; இஃது என்னைப் போன்ற தமிழாசிரியர்க்குரியது. நாம் பயிற்றும் செய்யுள்களில் அன்னம் பாலையும் நீரையும் பிரித்துண்ணும். பெண்குயில் இன்னிசை பாடும். இவற்றை இலக்கிய மரபென்று கூறாது, பறவையின் இயல்பென்று கூறிவிடின் பிள்ளைகள் மயங்குவர். உண்மையில், வேனிற் காலத்திற் கூவென்று நெடிதாகக் கூவுவது கரிய ஆண்குயிலே. பெண்குயில் பழுப்புடலில் வெண்புள்ளி பொருந்தியது. அதன் குரல் இசையற்ற விரைந்த ஒலி. ஆயினும் நம் புலவர் கண்ணின்றிப் பாடினர் என்று எண்ணுதலும் பிழையே. சங்கப் பாடல்களில் வரும் உயிர்களை விலங்கியல் நூல்களோடு ஒப்பிட்டு, பி. எல். சாமி அவர்கள் 'சங்க இலக்கியத்தில் விலங்கின விளக்கம்', 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் இரு நூல்களை இயற்றியுள்ளார்கள். எது மரபு, எது கண்டு கூறியது என்று பிரித்தறிய விழைவோர்க்கு இவை நல்விளக்காவன.

இனி, வாங்கற்பாலனவும் பயன்கொள்ளற்பாலனவும் ஆகிய நூல்களைக் கூறுகின்றேன். தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் பெ. தூரன் அவர்களை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளும் 1954 முதல் 1968 வரை வந்தன. அவர்களே வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளும் 1968 முதல் 1976 வரை வந்தன. இவ்விரண்டனையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எவரும் விலையின்றிப் படிக்கலாம். ஆண்டு பழையதாதலின் உயிர்களின் எண்ணிக்கைக்கும் இற்றை நிலைமைக்கும் அவற்றை நம்பலாகாது. உடலமைப்பும் வாழ்முறையும் பற்றித் தூய எளிய தமிழிற் கற்றற்கு அவை போல்வன சிலவே.

கானுயிரியலறிஞர் மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழில் எழுதிய கட்டுரைகள், சு. தியடோர் பாஸ்கரன் அவர்களால் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் பெயரில் தொகுக்கப்பெற்றுள்ளன. தாமே கண்டதைக் கண்டவாறு எழுதுதல் யாதென்று பிள்ளைகள் அதனிடத்துக் கற்கலாம். பாஸ்கரன் அவர்களுடைய சொந்த நூல்களும், க. ரத்னம் அவர்களுடைய 'தமிழில் பறவைப் பெயர்கள்' என்னும் நூலும் நம் அலமாரியில் இருத்தற்குரியன. ஆங்கிலத்தில், சாலிம் அலி 1941-இல் முதன்முதல் வெளியிட்டுப் பலமுறை திருத்தப்பெற்ற இந்தியப் பறவைகள் நூலும், பிரேட்டர் 1948-இல் வெளியிட்ட இந்திய விலங்குகள் நூலும், ராமுலஸ் விட்டேக்கரும் அசோக் கேப்டனும் 2004-இல் வெளியிட்ட இந்தியப் பாம்புகள் நூலும் வேண்டும். அக்கடைசி நூல் ஒன்று அன்று என் மேசைமேல் இருந்திருக்குமாயின், படத்தோடு படத்தை வைத்து நோக்க ஒரு நாழிகையும் ஆகியிராது.

நம் பொருள் சிறிது. எல்லா நூலையும் ஒருங்கே வாங்குதல் இயலாது. அதனால் பிள்ளைகள் வருந்தவேண்டுவதில்லை. புதுநத்தம் சாலையில் 2023 சூலை 15-ஆம் நாள் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகம் நம் கே.கே. நகர்க்குத் தொலைவன்று. அங்குச் செல்லும் பிள்ளை, நூல்களின் வரிசை எண் யாதென அறிந்து செல்லுதல் நன்று. தூயி என்பார் வகுத்த தசமப் பகுப்பைக் கையாளும் நூலகங்களில் விலங்கியல் 590 என்னும் எண்ணின்கீழும், பறவை 598-இன் கீழும், பாலூட்டிகள் 599-இன் கீழும் அமையும். நம் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் அவர்கள் வகுத்த கோலன் பகுப்பிலோ விலங்கியலுக்குரிய எழுத்து 'கே' என்பது. கே.கே. நகர்ப் பிள்ளைகள் இதனை மறத்தற்கு வழியில்லை! எண்ணை அறியாது கேட்கும் பிள்ளைக்கு ஒரு நூல் கிடைக்கும். எண்ணை அறிந்து அலமாரியின் முன் நிற்கும் பிள்ளைக்கு அதன் சுற்றமெல்லாம் கிடைக்கும்.

இணையத்தை யான் வெறுப்பவனல்லேன். தமிழ் விக்கிப்பீடியா ஒரு வாயில்; வாயிலே வீடாகாது. அங்கு அறிவியற்பெயரைக் கண்டுகொண்டு, கட்டுரையின் அடியிற் காட்டப்பெற்ற சான்றுகளை நோக்கி உட்செல்க. ஓருயிர் அழியும் நிலையில் உள்ளதோ என்பதற்குப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலும், ஒரு பறவை எவ்வூரில் எம்மாதத்திற் காணப்பட்டது என்பதற்கு ஈபேர்டு என்னும் பதிவுத்தளமும் தக்கன.

இவை எல்லாவற்றினும் அருகில் உள்ள சான்று நம் கண்ணே. நமக்கு அண்மையில் மாட்டுத்தாவணி என்றோர் இடம் உளது. பெயரில் மாடு நிற்க, இடத்திற் பேருந்து நிற்கின்றது. ஆயினும் வண்டியூர்க் கண்மாய் இன்னும் நம் அருகிலேயே உள்ளது. நீர் உள்ள காலத்துக் காலையில் அங்குச் சென்றால் கொக்கும் நீர்க்காகமும் நாமக்கோழியும் மீன்கொத்தியும் காணலாம். நம் பிள்ளைகளோ, தாம் காணாத ஆப்பிரிக்கச் சிங்கத்தைப் பற்றி நான்கு பக்கம் படியெடுப்பர். நாள்தோறும் காணும் நாமக்கோழிக்குப் பெயர் கூற அறியார். நாள், நேரம், இடம், எண்ணிக்கை, செய்கை என்னும் ஐந்தனையும் குறித்து ஒரு மாதம் கண்மாயை நோக்கிய பிள்ளையின் கட்டுரை, எவரும் படியெடுக்க இயலாத முதனூலாகும்.

இத்தகைய குறிப்பாற் பயன் யாது என்பீராயின், மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியை நோக்குமின். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் என்னும் ஈரூர்களில் ஏறத்தாழ 193 எக்டேர் நிலம், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர் மரபுத்தலமாக அறிவிக்கப்பெற்றது. லகர் வல்லூறு, சாகீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு என்னும் வேட்டைப்பறவைகளும், அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியனவும் ஆங்கு வாழ்வன என்று காட்டப்பெற்றமை அவ்வறிவிப்பிற்கு ஆதாரங்களுள் ஒன்று. 2024-இல் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டபொழுது ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தனர். தம் வாதத்தில் அம்மரபுத்தலத்தையும் எடுத்துக்காட்டினர். 2025 சனவரியில் அவ்வேலம் நீக்கப்பட்டது. இன்ன உயிர் இவ்விடத்து உண்டு என்று பெயர் சுட்டிக் குறித்து வைத்தோர் இல்லையாயின், மக்கள் கையில் அச்சான்று இருந்திராது.

இறுதியாக, இச்சங்கத்தாரிடம் மூன்று விண்ணப்பங்கள் உடையேன். நம் நூலகத்தில் ஓர் அலமாரியை உயிரின நூல்கட்கென்றே ஒதுக்குக. வேலைத்தேர்வு நூல்களே போதும் என்று பெரியோர் சிலர் கருதுவதை அறிவேன்; தேர்வில் வெல்லும் பிள்ளை உயிரோடிருத்தலும் வேண்டுமன்றோ? அவ்வலமாரியின் அருகே ஒரு கண்மாய்க் குறிப்பேட்டை வைத்து, பிள்ளைகள் தாம் கண்டதை எழுதச் செய்க. மூன்றாவது விண்ணப்பத்தைச் சற்றுத் தயக்கத்தோடு கூறுகின்றேன். நூலகக் கதவை நம் மரபுப் பிள்ளைகட்கு மட்டுமன்றி, இப்பகுதிப் பிள்ளைகள் அனைவர்க்கும் திறந்துவைக்க. என் பிழையைத் திருத்திய அம்மாணவி நம் மரபினள் அல்லள். வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பாம்பின் நஞ்சை எடுத்துத் தந்து, நாடெங்கும் உயிர்காக்கும் மருந்திற்கு உதவிவரும் இருளர் மக்களும் நம் மரபினர் அல்லர். அறிவு எக்குடியிற் பிறந்தோரிடத்தும் உளது. அதனைத் தேடிச் சென்று கேட்பதே கல்வி.

அந்தப் படத்தைச் சுவரினின்றும் எடுத்து, கீழே 'கட்டுவிரியன்; கொடிய நஞ்சுடையது' என்று அம்மாணவியைக் கொண்டே எழுதுவித்து, மீண்டும் தொங்கவிட்டேன். கட்டுரை எழுதிய மாணவன் வெள்ளிக்கோல் வரையனின் மெய்யான படத்தைத் தேடிக் கொணர்ந்து அதனருகில் ஒட்டினான். அன்றுதொட்டு என் வகுப்பில், எச்சான்று கொண்டு எழுதினாய் என்று வினவாமல் யான் எவர்க்கும் மதிப்பெண் இடுவதில்லை. அவ்வினாவிற்கு விடை தேடி வரும் பிள்ளை நம் நூலகத்தினின்றும் வெறுங்கையோடு திரும்பாதிருக்க அருள்புரியுமாறு உங்களை வேண்டி அமைகின்றேன்.